பிளக் என் கையிலதான் இருக்கு

மீன் தொட்டிக்குள் கை விடுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. போகிற போக்கில் யார் வேண்டுமானாலும் சுவிட்சைத் தட்டிவிடுவார்கள். பிடுங்கின பிளக்கைத் தரையில் போடக் கூடாது, மேசையில் வைக்கவும் கூடாது, கையிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொள்ள வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை இப்போது நான் ஒப்பிப்பேன். முன்பு யாராவது சொல்லியிருந்தால், ஒரு மீன் தொட்டியைக் கழுவ இத்தனை பீடிகையா என்று சிரித்திருப்பேன்.

தொட்டி வேலை என் தம்பியுடையது. அலுவலகம், மருத்துவமனை, துணிக்கடை, எங்கெல்லாம் காத்திருக்கிறவர்கள் வேடிக்கை பார்க்க ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறார்களோ அங்கெல்லாம் வாரம் ஒரு முறை போவான். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குழாய் வைத்து இறக்குவான், கண்ணாடியில் படிந்த பாசியைத் தேய்ப்பான், சரளைக்குள் தங்கின அழுக்கை உறிஞ்சுவான், புதுத் தண்ணீர் ஊற்றுவான். கேட்கச் சின்ன வேலை. அவன் செய்கிறபோது மீன்கள் ஒதுங்கிக்கூடப் போகாது. அவன் விரல்களுக்கு நடுவே புகுந்து விளையாடும். எனக்கு மூக்கின் மேல் கோபம், அவனுக்கு அந்த இடத்தில் பொறுமையை வைத்துவிட்டார்கள் என்று அம்மா சொல்வாள்.

பல் டாக்டரின் கிளினிக்கில்தான் அது நடந்தது. அங்கே உள்ள தொட்டி பெரியது, ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். அதில் ஒரே ஒரு பெரிய மீன். கறுப்பில் ஆரஞ்சு திட்டுத் திட்டாக, தடித்த உதடு, யாரைப் பார்த்தாலும் ஒரு குறை கண்டுபிடித்த முகம். தம்பி அதற்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தான். அவனுடைய மாமனாரைப் பார்த்தவர்கள் பெயர் பொருத்தத்தை ஒத்துக்கொள்வார்கள். தண்ணீரைச் சூடாக வைக்க உள்ளே ஒரு ஹீட்டர், கண்ணாடிக் குழலுக்குள் கம்பி வைத்தது. அன்றைக்கு அந்தக் குழலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்திருக்கிறது. தம்பி எப்போதும் போல எல்லாப் பிளக்கையும் பிடுங்கினான். மற்றவற்றைத் தோளில் போட்டுக்கொண்டான். ஹீட்டரின் கம்பி மட்டும் குட்டை, தோளுக்கு எட்டவில்லை. அதைத் தரையில் விட்டான்.

வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் உள்ளேயிருந்து வந்திருக்கிறாள். கீழே கிடக்கிற பிளக்கைப் பார்த்திருக்கிறாள். அய்யோ, மீனுக்குக் குளிருமே என்று எடுத்துச் சொருகிவிட்டாள். வேண்டுமென்று செய்யவில்லை. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், ஆசை தீரத் திட்டியிருப்பேன். இரக்கப்பட்டுச் செய்தவளை என்ன சொல்லித் திட்டுவது?

அந்த நேரம் தம்பியின் கை தோள்வரை தண்ணீருக்குள் இருந்தது, விரல்கள் ஹீட்டரைப் பிடித்திருந்தன. பிடித்ததை விட முடியவில்லை. பல் பிடுங்க வந்திருந்த ஒருவர் ஓடிப்போய் மெயினை அணைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, கையிலும் ஒன்றும் இல்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். நாங்கள் பிழைத்தோம் என்று கூட்டிக்கொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அவன் தண்ணீரில் கை வைக்க மாட்டேன் என்கிறான். முதலில் தொட்டி என்றால் மாட்டேன் என்றான். அது நியாயம்தான், யாராக இருந்தாலும் பயப்படுவார்கள். பிறகு வாளி. பிறகு பாத்திரம் கழுவுகிற தொட்டி. பிறகு குழாயைத் திறந்து கை கழுவுவதுகூட நின்றுபோய், ஈரத்துணியால் துடைத்துக்கொள்ள ஆரம்பித்தான். அவனுக்கு ஒரு பெண் குழந்தை, இப்போதுதான் பேச்சு வருகிற வயது. அவளைக் குளிப்பாட்டுவது எப்போதும் அவன்தான். கப்பல் விடுகிறேன், மீன் விடுகிறேன் என்று அரைமணி நேரம் அப்பாவும் பெண்ணும் கும்மாளம் போடுவார்கள். அதுவும் நின்றது. குழந்தை துண்டைத் தூக்கிக்கொண்டு அவன் முன்னால் வந்து நிற்கும், அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் மனைவி பேக்கரியில் வேலை பார்க்கிறவள், விடிவதற்கு முன் போக வேண்டும், அழுவதற்குக்கூட அவளுக்கு நேரம் கிடையாது. ஒருநாள் என்னிடம் வந்து நின்றாள்.

"அக்கா, அவரு கை தண்ணியில பட்டாப் போதும்க்கா. ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் தானா சரியாயிடும்னு எனக்குத் தோணுது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரே ஒரு தடவை. அதை மட்டும் எப்படியாவது நடத்திவிட்டால் போதும் என்று கச்சை கட்டிக்கொண்டு இறங்கினேன்.

துணி வெட்டும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அதை விட்டுவிட்டு அவனுடைய தொட்டிகளை நான் எடுத்துக்கொண்டேன். எல்லோரும் என்னைப் பைத்தியம் என்றார்கள். அவன் கூடவே வருவான், வாயால் சொல்வான், நான் கையால் செய்வேன் என்பது ஏற்பாடு. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒருநாள், தள்ளு நீ கெடுக்கிறாய் என்று கையை விடுவான் என்று கணக்குப் போட்டேன். எதையும் கெடுப்பதில் எனக்குக் கைராசி உண்டு, அதனால் சீக்கிரமே நடக்கும் என்று நம்பினேன்.

வர ஒத்துக்கொள்ள அவன் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"பிளக்கை எல்லாம் நான்தான் பிடிப்பேன். நீ கையை வெளியில எடுத்து, துடைச்சு, என்கிட்ட காட்டுற வரைக்கும் தர மாட்டேன்."

"பிடிச்சுக்கோடா. யாரு வேணாங்கறா."

மின்காரரைக் கூப்பிட்டு, நாங்கள் போகிற எல்லா இடத்திலும் கரண்டு கசிந்தால் தானே அணைந்துவிடும் கருவியை மாட்டச் சொன்னேன். குட்டைக் கம்பி வைத்த சாமான்களை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு நீளக் கம்பி உள்ளவையாக வாங்கினேன். ஹீட்டர், ஃபில்டர், காற்று பம்பு, லைட்டு, நாலு பிளக். இந்தக் கையில் இரண்டு, அந்தக் கையில் இரண்டு என்று பிடித்துக்கொண்டு நிற்பான். நான் முக்காலியில் ஏறிக் கையை விடுவேன். அவன் கண் என் கையின் மேல் இருக்காது. கதவு, சுவர், யார் வருகிறார்கள், யார் எழுந்திருக்கிறார்கள், அதிலேயே இருக்கும்.

"ஹீட்டர் சூடு ஆறட்டும்க்கா. உடனே தண்ணிய இறக்காத. சூடா இருக்கறப்ப மேல வந்துச்சுன்னா குழல் வெடிச்சுடும்."

"ஆறட்டும்."

"குழாயை வாயில வச்சு உறிஞ்சாத. அப்படியே தண்ணிக்குள்ள முக்கி, நுனியை விரலால மூடி எடு."

"எடுக்கறேன்டா."

"கம்பி சாக்கெட்டுக்குக் கீழ தொங்கி அப்புறம் மேல ஏறணும். அப்பத்தான் கம்பி வழியா வடியிற தண்ணி தரையில சொட்டும், சாக்கெட்டுக்குப் போகாது."

எல்லாம் சரியாகச் சொல்வான். ஒரு சொல் பிசகாது. சொல்லச் சொல்ல அவன் முழங்கையில் நரம்பு புடைத்து நிற்கும், அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருப்பான். காத்திருக்கிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். துணிக்கடையில் ஒரு பெரியவர், "ஏம்மா, நீ ஏறி இறங்கி வேலை பாக்குற, இவரு என்ன பண்றாரு?" என்று கேட்டார். இவர்தான் மேனேஜர், நான் கூலிக்கு வந்தவள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான். விபத்துக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான், அதனால் அந்த நகைச்சுவையை அடுத்த கடையிலும் சொன்னேன். அங்கே அவன் சிரிக்கவில்லை.

பல் டாக்டர் கிளினிக்கை மட்டும் வேறு ஆளிடம் விட்டிருந்தோம். டாக்டர் நல்ல மனிதர், அங்கேயும் எல்லாவற்றையும் நீளக் கம்பி உள்ளவையாக மாற்றிவிட்டு, நீங்கள் எப்போது வந்தாலும் தொட்டி உங்களுடையதுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மற்ற இடங்களில் ஒரு மாற்றமும் இல்லாமல் மாதங்கள் போனபோது, விழுந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த மீன்தான் அவனுக்கு உயிர். கட்டை விரல் அளவில் வாங்கிவந்து அவன் கையிலிருந்தே தின்று வளர்ந்தது. அதைப் பார்த்தால் இளகுவான் என்று நினைத்தேன். கேட்டதும் மறுப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, போகலாம் என்றான்.

போகிற அன்று காலையில் ஒன்று நடந்தது. அவனுடைய ரப்பர் கையுறை ஒன்று இருக்கிறது, தோள்வரை வரும், நீலம், தண்ணீர் ரொம்பக் குளிர்ந்தால் மட்டும் போடுவான். விபத்துக்குப் பிறகு அது அலமாரியின் அடியில் கிடந்தது. எத்தனையோ முறை நான் அதை எடுத்து அவன் கண்ணில் படுகிற மாதிரி வைப்பேன், மறுநாள் பார்த்தால் திரும்ப அடியில் இருக்கும். அன்றைக்கு அவன் தானே குனிந்து அதை எடுத்தான். உதறினான், மடித்தான், சாமான் பையில் வைத்து ஜிப்பை இழுத்தான். அவன் மனைவி வேலைக்குப் போய்விட்டிருந்தாள். குழந்தையும் நானும்தான் பார்த்தோம். ஏதாவது சொல்லி அதைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினோம். இன்றைக்கு நடந்துவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கிளினிக்கில் கூட்டம் இல்லை. டாக்டர் உள்ளே ஒருவருக்குக் குழி அடைத்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தம் கதவைத் தாண்டி வந்தது. அன்றைக்குப் பிளக்கைச் சொருகின அந்தப் பெண் வரவேற்பு மேசையில் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், திரும்ப எழுந்தாள்.

"அக்கா, டீ சொல்லட்டுமா?"

"வேலை பாக்கத்தான் வந்தோம்" என்றேன். அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்காது. அக்காவாம்.

டாக்டர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். அவள் போனாள். போகிற வழியில் சுவரை ஒட்டிப் போகாமல் நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு, சாக்கெட் பக்கமே வராமல் போனதைப் பார்த்தேன். கதவு மூடியது.

தம்பி தொட்டியின் முன்னால் போய் நின்றான். மாமனார் உடனே வந்தது. கண்ணாடியில் உதட்டை ஒட்டி வைத்துக்கொண்டு அவனையே பார்த்தது, வாலை ஆட்டியது. தம்பியின் கண் கலங்கியது. நான் பையைத் திறந்து கையுறையை எடுத்து, எதேச்சையாக வைக்கிற மாதிரி பக்கத்து நாற்காலியின் மேல் வைத்தேன். அவன் பார்த்தான். நாலு பிளக்கையும் பிடுங்கினான், ஒவ்வொன்றாக எண்ணினான், இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டான்.

"மாமனார் நல்லா கொழுத்துட்டாருக்கா" என்றான்.

"ஆமாமா. ஓசிச் சாப்பாடு."

ஹீட்டர் ஆறுகிற வரைக்கும் இருவரும் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவசரப்படுத்த வேண்டாம் என்று நினைத்தேன். முதலில் நான் தொடங்குவேன், பாதியில் அவன் வருவான். கையுறையை நான் போட்டுக்கொள்ளவில்லை, அது அவனுக்காக இருக்கட்டும் என்று வெறும் கையை விட்டேன். தண்ணீர் ஜில்லென்று இருந்தது.

அந்தத் தொட்டியின் மேல்பக்கம் முழுதாகத் திறக்காது. நடுவில் தடிமனான கண்ணாடிப் பட்டை ஒன்று குறுக்கே ஒட்டியிருக்கும், பாரம் தாங்குவதற்கு. அதற்கு இந்தப் பக்கம் ஒரு திறப்பு, அந்தப் பக்கம் ஒரு திறப்பு. மீதியை லைட்டும் மூடியும் அடைத்திருப்பதால் ஒரு திறப்பில் ஒரு கைதான் போகும். நான் வலது பக்கம் முக்காலியில் நின்றேன். இடது பக்கத் திறப்புக்கு நேரே தம்பி நின்றான். உள்ளே மாமனார் ஒளிந்துகொள்ள மூன்று பெரிய கற்களைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவை நின்றது சரளையின் பலத்தில்தான். கல்லுக்கு அடியில் குழாயை விடாதே, சரளை உறிஞ்சப்பட்டால் கல் உட்கார்ந்துவிடும் என்று தம்பி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேறு ஆள் கல்லடியைத் தொட்டதே இல்லை போலிருக்கிறது, கறுப்பாக அழுக்கு மண்டிக் கிடந்தது. அழுக்கைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. கொஞ்சம்தானே என்று குழாயின் வாயை உள்ளே தள்ளினேன், இன்னும் கொஞ்சம் என்று தள்ளினேன்.

கல் உட்கார்ந்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது, சத்தம்கூட இல்லை. என் வலது கையின் இரண்டு விரல்கள் கல்லுக்கும் பின்பக்கக் கண்ணாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன. உயிர் போகிற வலி. இழுத்தேன், இன்னும் இறுகியது. வெடுக்கென்று இழுத்தால் கண்ணாடி போய்விடும், அத்தனை தண்ணீரும் மீனும் கண்ணாடியுமாக என் மேல் வரும். இடது கையை விடத் திறப்பில் இடம் இல்லை. அந்தப் பக்கத் திறப்பு எனக்கு எட்டாது.

"தம்பி. கல்லு சாஞ்சிடுச்சு. விரல் மாட்டிக்கிச்சு."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

"உன் பக்கம் கையை விட்டுக் கல்லை லேசாத் தூக்கு. ரொம்ப வேணாம், ஒரு இழை தூக்கினாப் போதும், எடுத்துடுவேன்."

அவன் கல்லைப் பார்த்தான், என் விரலைப் பார்த்தான். தண்ணீரில் ஒரு நூல்போல ரத்தம் மேலே வந்தது. அவன் முகம் வெளுத்தது.

"பிளக் என் கையிலதான் இருக்குக்கா" என்றான்.

"இருக்குடா. எனக்குத் தெரியும். அதைக் கீழ வச்சுட்டுக் கையை விடு."

"கீழ வச்சா யாராச்சும் சொருகிடுவாங்க."

"இங்க யாருடா இருக்கா? நீயும் நானும்தான் இருக்கோம்."

அவன் மேசையைப் பார்த்தான். காலி நாற்காலி. மூடின கதவைப் பார்த்தான்.

"வந்துடுவாங்கக்கா."

"அப்ப பையில போட்டுக்கோ. நாலையும் பேன்ட் பையில திணிச்சுக்கோ."

அவன் முயன்றான். அதை நான் பார்த்தேன், யாரும் அவன் முயலவில்லை என்று சொல்லக் கூடாது. வலது கையைப் பைவரை கொண்டுபோனான். விரலை விரிக்க முடியவில்லை. முஷ்டியோடு பையின் மேல் தேய்த்தான், பிறகு திரும்ப மார்போடு சேர்த்துக்கொண்டான். இதற்குள் குழாய் பாட்டுக்குத் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தது. வாளி நிரம்பி வழிந்து, தண்ணீர் தரையில் அவன் காலை நோக்கிப் பரவியது. அவன் பின்னால் நகர்ந்தான். இடது பக்கத் திறப்பிலிருந்து ஓரடி, இன்னொரு அடி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வலி ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். வாயில் வரக் கூடாதது வந்துவிட்டது.

"உன் பொண்ணு கை மாட்டியிருந்தாலும் இப்படித்தான் நிப்பியாடா?"

அவன் அழ ஆரம்பித்தான். சத்தமில்லாமல் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கக் கை காலியாக இல்லை.

"அப்பவும் விட மாட்டேன்க்கா" என்றான். "விட்டா அவளுக்கு ஷாக் அடிச்சிடும். நீ பயப்படாத. நான் பிடிச்சிருக்கேன். உன் கை உள்ள இருக்கற வரைக்கும் விட மாட்டேன்."

அவன் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பயந்து நிற்கிறான் என்று இத்தனை நாள் நினைத்தேன். பயத்தை எப்படியாவது பேசித் தீர்த்துவிடலாம், கெஞ்சலாம், திட்டலாம். இவன் பயந்து நிற்கவில்லை. என் உயிர் அவன் முஷ்டியில் இருக்கிறது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. அக்காவைக் கொன்றுவிடு என்று சொன்னால் கேட்பானா? பிளக்கை வைத்துவிட்டுக் கையை விடு என்று நான் சொல்வது அவன் காதில் அப்படித்தான் விழுகிறது.

கத்தினேன். யாராவது வாங்க என்று கத்தினேன். மெஷின் சத்தம் நின்றது, கதவு திறந்தது, அந்தப் பெண் வந்தாள்.

அவளைப் பார்த்ததும் தம்பி உறுமினான். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. நாலு பிளக்கையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, கம்பி எட்டுகிற மூலைக்குப் போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான். "கிட்ட வராத! கிட்ட வராத!" என்றான். உள்ளே வாயைத் திறந்து படுத்திருந்த ஆள் பயந்து எழுந்து பார்த்தார்.

அவள் அப்படியே நின்றாள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அவனுக்குக் காட்டினாள்.

"நான் தொடலண்ணா. பிளக் உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்களே பிடிச்சுக்குங்க" என்றாள். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டி, தண்ணீரில் நடந்து இடது பக்கத் திறப்புக்கு வந்தாள். கையை விடுவதற்கு முன் ஒரு நொடி தயங்கினாள். அவளுக்கும் அந்தத் தொட்டியில் ஒரு பயம் இருந்திருக்கும்தானே. கையை விட்டுக் கல்லைத் தூக்கினாள். நான் விரலை எடுத்தேன்.

டாக்டர் முகமூடியோடு வந்து என் விரலைத் திருப்பிப் பார்த்தார். நான் பல்லு பாக்குற ஆளு, ஆனா இது உடைஞ்சிருக்குன்னு எனக்கே தெரியுது என்றார். தட்டையான மரக்குச்சி ஒன்றை வைத்துக் கட்டினார், படம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். நன்றி சொன்னேன். அந்தப் பெண்ணுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

பாதியில் விட்டுவிட்டு வர முடியாது, மாமனார் குறைத் தண்ணீரில் முதுகு தெரிய நின்றது. அந்தப் பெண் வாளி வாளியாகக் கொண்டுவந்து தந்தாள், நான் இடது கையால் ஊற்றினேன். அவள் தரையைத் துடைத்தாள். அவ்வளவு நேரமும் தம்பி மூலையிலேயே நின்றான். ஹீட்டர் முழுக்க மூழ்கியதா, கம்பி கீழே தொங்கி மேலே போகிறதா என்று அங்கிருந்தே கேட்டான். நான் கையைத் துடைத்து, மூலைக்குப் போய் அவன் முகத்துக்கு நேரே காட்டினேன். கட்டுப் போட்ட கையையும் காட்டச் சொன்னான். காட்டினேன்.

"ரெண்டும் காஞ்சிருக்கு. குடு" என்றேன்.

அவன் கொடுக்க நினைத்தான், விரல்கள் திறக்கவில்லை. ஒவ்வொரு விரலாக இடது கையால் நான்தான் பிரித்தேன். பிளக்கின் முனைகள் உள்ளங்கையில் பதிந்து குழி குழியாக இருந்தது, ஒரு இடத்தில் தோல் கிழிந்திருந்தது. நாலையும் வாங்கி நானே சொருகினேன். லைட்டு எரிந்தது, குமிழி வந்தது. மாமனார் கண்ணாடியருகே வந்து அவனைத் தேடியது. அவன் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்குப் போய்விட்டான்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவனை உட்காரவைத்துவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாமான் பை மடியில் இருந்தது. கையுறையின் நீலம் ஜிப் வழியே கொஞ்சம் தெரிந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"காலையில இதை எதுக்குடா எடுத்து வச்ச?"

"உனக்குத்தான்க்கா. போன வாரம் தண்ணி ஜில்லுன்னு இருக்குன்னு சொன்னியே. நீ ஏன் போட்டுக்கல? போட்டிருந்தா இவ்வளவு அடிபட்டிருக்காது."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். கடைகள், ஆட்கள், ஒரு வீட்டு மாடியில் உலரும் துணிகள். அவன் மனைவி வேலையிலிருந்து வந்திருப்பாள். இன்று எங்கே போகிறோம் என்று அவளிடம் நேற்றே சொல்லியிருந்தேன், என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று தெரியும். குழந்தை துண்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரும். குழந்தையை நாமே குளிப்பாட்டுவோம், இனி அவனைக் கேட்க வேண்டாம் என்று அவன் மனைவியிடம் சொல்லிவிட வேண்டும். அடுத்த வாரமும் நான் தொட்டிக்குள் கை விடுவேன், அவன் பிடித்துக்கொண்டு நிற்பான், அதற்கு அடுத்த வாரமும் அப்படித்தான். அந்த ஒரே ஒரு தடவை வராது. எனக்கு அழுகைகூட வரவில்லை, விரல் மட்டும் விண் விண்ணென்று வலித்தது.

இறங்குகிற நிறுத்தம் வந்தது. நான் எழுந்தபோது அவன் என் முழங்கையைத் தொட்டான். கட்டுப் போட்ட கையில் படாமல், ஜாக்கிரதையாக.

"நல்லாப் பிடிச்சிருந்தேன்லக்கா?"

"நல்லாப் பிடிச்சிருந்தடா" என்றேன்.